காப்புக்கு முந்தின நாள்

பொன்னுத்துரை இரண்டு காட்டு வாத்துகளைக் காவலரின் மேசைமேல் வைத்தார். கால்களைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றிலிருந்து ஏரித் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏரிக் காவலர் பிரேம்நாத் நாற்காலியைச் சட்டென்று பின்னுக்குத் தள்ளினார். "முதல்ல அதை எடுங்கண்ணே. எனக்கு வாத்து கொண்டாந்து குடுக்கிற வேலையெல்லாம் வேணாம்."

"உங்களுக்கு இல்ல சயா. இது சாட்சிக்கு. ஒரு ஆளைப் பிடிச்சுக் குடுக்க வந்தேன்."

"யாரை?"

"என்னைத்தான்."

பிரேம்நாத் சிரிக்கப் பார்த்தார். தும்மல்தான் வந்தது. "நேத்து வரைக்கும் தம்பி, இன்னிக்கு மட்டும் பர்மிக்காரங்க மாதிரி மரியாதையா சயாவா? உக்காருங்கண்ணே. விடிகாலையில ரோந்து போய் நனைஞ்சிட்டேன், அதான் இந்தக் கோலம்."

அவர் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே கொடியில் அவருடைய துணிகள் ஈரமாய்த் தொங்கின. சுவர் ஆணியில் அவருடைய லைஃப் ஜாக்கெட் தூசி படிந்து கிடந்தது.

பர்மாவில், மிங்கலாடோன் ஊருக்கு வடக்கே இருந்த அந்த ஏரிக்குக் குளிர் மாதங்களில் தூர தேசத்துப் பறவைகள் வரும். அப்போது சிவப்புத் துணி கட்டிய மூங்கில்களுக்கு உள்ளே மோட்டார் போடக் கூடாது, துடுப்புதான். படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். வாத்து பிடிக்கவே கூடாது. பர்மியில் எழுதிய பலகை காவல் குடிசையின் வாசலிலேயே நின்றது. மூன்றையும் மீறிவிட்டுத்தான் பொன்னுத்துரை அதைக் கடந்து உள்ளே வந்திருந்தார்.

"நாளைக்கு மாரியம்மன் கோயில்ல காப்பு கட்டுறோமில்ல சயா. கட்டிட்டா தீமிதி முடியற வரைக்கும் கவிச்சி கிடையாது. அதுக்குள்ள ஒரு தடவை வாத்துக் கறி தின்னுடலாம்னு இருட்டோட போனேன். புத்தி கெட்டுப் போச்சு."

"காப்பு கட்டுற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் முந்தின நாள் அந்தப் புத்திதான் வரும்" என்றார் பிரேம்நாத், தரையைப் பார்த்தபடி.

"ஜாக்கெட்டையும் போடல. அந்த ஆரஞ்சுக் கலரைக் கண்டா வாத்து கிட்ட அண்டாது. வாத்துக்குப் போறவன் எவன் அதைப் போடுறான்? மடிச்சு அதுமேலயே உக்காந்துக்கிட்டேன். உண்டிவில்லுல ரெண்டு விழுந்துச்சு. வெளுக்கறதுக்குள்ள கரையேறிடணும்னு மூங்கிலுக்கு உள்ளேயே மோட்டாரைப் போட்டுட்டேன். ஒரே பனி. முன்னால ஒண்ணும் தெரியல."

பிரேம்நாத் தனக்கென்று ஆற்றி வைத்திருந்த இஞ்சித் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். பொன்னுத்துரை கோப்பையைப் பிடித்தார், குடிக்கவில்லை.

"பக்கத்துலயே ஒரு சின்னப் படகு நின்னிருக்கு. விளக்கு இல்ல, சத்தம் இல்ல. என் அலையில அது கவுந்துடுச்சு. தண்ணியில கையை அடிக்கிற சத்தம் கேட்டுச்சு சயா. நீந்துறவன் அப்படி அடிக்க மாட்டான்."

"நின்னீங்களா?"

வெகு மெதுவாகத்தான் கேட்டார் பிரேம்நாத். பொன்னுத்துரைக்கு அது அறை விழுந்ததுபோல் இருந்தது.

"நிக்கல. வாத்தோட மாட்டிக்குவேன்னு பயம். அடியில இருந்த ஜாக்கெட்டை உருவிச் சத்தம் வந்த பக்கம் எறிஞ்சேன். அவ்வளவுதான் செஞ்சேன். ஓடி வந்துட்டேன்."

வழக்குப் புத்தகம் விரிந்தே கிடந்தது. பிரேம்நாத்தின் பேனா ஒரு எழுத்தும் எழுதவில்லை.

"நேரா வீட்டுக்குப் போனேன். மஞ்சுளா மசாலா அரைச்சு வச்சிருந்தா. வாத்தை வாங்க வந்தவ, 'ஏங்க, ஜாக்கெட் எங்க?'ன்னு கேட்டா. வாத்தைக் குடுக்காம அப்படியே திரும்பி இங்க வந்துட்டேன். நாளைக்கு இந்தக் கையை நீட்டி எப்படிக் காப்பு கட்டிக்குவேன்? ஆத்தா கண்ணை எப்படிப் பாப்பேன்?"

அவர் எழுந்து கைகூப்பினார். "படகைப் பிடுங்கிக்குங்க. ஜெயில்ல போடுங்க. அதுக்கு முன்னாடி வாங்க சயா, போய்த் தேடுவோம். அவன் வீட்டுலயும் யாராவது மசாலா அரைச்சு வச்சுக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

பிரேம்நாத் புத்தகத்தை மூடினார். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுத்து மேசையில் வாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். நனைந்து கனத்திருந்தது. உடைந்த கொக்கிக்குப் பதிலாக மஞ்சுளா தைத்துக் கொடுத்த பச்சைச் சேலைக் கரை அதில் முடிச்சோடு அப்படியே இருந்தது.

பொன்னுத்துரை இரண்டு கையாலும் அதைத் தடவினார். "ஆளு பிழைச்சுட்டானா? தாயே! யாரு சயா அவன்? எங்க இருக்கான்? அவன் காலுல விழணும் நான்."

பிரேம்நாத் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான்தாண்ணே. எங்க வீட்டுலயும் மசாலா அரைச்சு வச்சிருக்கு."