கட்டிப்பிடித்தால் தெரியக் கூடாது

“கட்டிப்பிடிச்சாலும் தெரியக் கூடாது தம்பி. எனக்கு அதுதான் முக்கியம்” என்றாள் வெர்னா.

வெஸ்லி பதினாறு வருடமாக அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் துப்பாக்கிக் கடை நடத்துகிறான். உள்ளே நுழைகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பதைக் கதவு மூடுவதற்குள் கணித்துவிடுவான். இவளுக்கு அறுபது தாண்டியிருக்கும். தனியாக வந்திருக்கிறாள். திருட்டுப் பயம்தான், வேறென்ன?

“எங்க எடுத்துட்டுப் போவீங்க மேடம்? சர்ச்சுக்கா, கடைக்கா?”

“எங்கயும் இல்ல. வீட்டுக்குள்ளதான். எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் உடம்போட இருக்கணும்.”

“வீட்டுக்குள்ளன்னா எதுக்கு இந்தப் பாடு? கட்டில் பக்கத்து டிராயர்ல போட்டு வைங்க.”

“டிராயரெல்லாம் குடைஞ்சு பாக்கற ஆள் வீட்டுக்கு வருது.”

பேரப்பிள்ளைகள். வெஸ்லிக்குப் புரிந்துவிட்டது. வாண்டுகள் இருக்கிற வீட்டில் துப்பாக்கி உடம்போடு இருப்பதுதான் பத்திரம். விவரமான பொம்பளை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, ஒல்லியான பிஸ்டல் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

“மேல் பாகத்தைப் பின்னால இழுங்க பாப்போம்.”

இழுத்தாள். பாதிகூட வரவில்லை.

“இந்தத் தோள்ல பலம் கிடையாது தம்பி.”

“எங்கம்மாவுக்கும் வாதம்தான். அப்ப ரிவால்வர்தான் உங்களுக்கு. இழுக்கற வேலையே இல்ல. அஞ்சு குண்டு, அழுத்தினாப் போதும்.”

மான் வேட்டைக்குத் தோட்டா வாங்க வந்து, ஒரு மணி நேரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்த ஓட்டிஸ் வாயைத் திறந்தான். “இடுப்புல செருகினா நம்ம ஊர்ல ரகசியம் தங்காதுப்பா. பேர் கேக்கறதுக்கு முன்னாடியே கட்டிப்பிடிக்கற ஜனங்க.”

“வாடா, பாத்துருவோம்.”

குண்டு போடாத ரிவால்வரை வெஸ்லி முதுகுப்பக்கம் செருகிக்கொண்டான். இரண்டு தடியர்களும் கடை நடுவில் கட்டிப்பிடித்தார்கள்.

“கை நேரா அதுமேலதான் போகுது” என்றான் ஓட்டிஸ்.

“இப்ப முன்பக்கம்.”

“இங்க தொப்பை எது, துப்பாக்கி எதுன்னே புரியலடா.”

வெர்னா சிரிக்கவில்லை. தன் தொளதொள பாவாடையின் பையைக் காட்டினாள். “இதுக்குள்ள?”

தோல் உறையில் போட்டுக் கொடுத்தான். பைக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இப்ப நீ வா தம்பி. நல்லா இறுக்கிப் பிடி. ரொம்ப வருஷம் கழிச்சுப் பாக்கறவன் மாதிரி.”

வெஸ்லி கூச்சத்தோடு அணைத்தான். அவள் உடம்பு மரக்கட்டை போல விறைத்திருந்தது.

“ஒண்ணும் தெரியல மேடம். தொடைப்பக்கம் யார் கையும் போகாது.”

அவள் மூச்சை மெதுவாக விட்டாள். “இதையே கொடு.”

படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். வெஸ்லி பேச்சுக் கொடுத்தான்.

“பேரப்பிள்ளைங்க எப்ப வர்றாங்க?”

“பேரனா, எனக்கேது? என் மகன் வர்றான். வெள்ளிக்கிழமை. ஒன்பது வருஷம் ஆச்சு. வேற யாரும் அவனுக்கு இடம் கொடுக்கல. வாசல்லயே கட்டிப்பிடிப்பான். நானும் பிடிக்கணும்ல.”

“ஒன்பது வருஷமா? பட்டாளத்துலயா இருந்தார்?”

“ஜெயில்ல.” கையெழுத்துப் போட்டுப் படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். “என்னைச் சுட்டதுக்கு.”