அணைந்த நட்சத்திரத்துக்கு மாற்று

கல்யாணத்தில் அருந்ததி பார்த்த காலம் போய், ஒவ்வொரு தம்பதிக்கும் அவர்கள் பேரிலேயே ஓர் இரட்டை நட்சத்திரத்தை எழுதிவைக்கும் வழக்கம் வந்திருந்தது. இரண்டில் ஒன்று அணைந்தால் அபசகுனம் என்று வேறு ஜோடி மாற்றிக் கொடுப்பார்கள். அதைப் போனில் தெரிவிப்பதுதான் செண்பகவல்லியின் வேலை.

அன்று திருக்கோவிலூர் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டாள்.

"ஐயா, உங்க நட்சத்திர ஜோடியில பெருசு அணைஞ்சு கருந்துளையாயிடுச்சு. கவலைப்படாதீங்க, வேற தர்றோம். அம்மாவும் சரின்னு சொல்லணும், போனை அவங்ககிட்ட குடுங்க."

"அவ போன ஆடியிலேயே போய்ச் சேந்துட்டாம்மா. நேத்து மாடியில நின்னு பாத்தப்ப ஒண்ணுதான் தெரிஞ்சுது. என் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்."

இதற்கு என்ன சொல்வதென்று யாரும் செண்பகவல்லிக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

"மத்தது என்ன பண்ணுது?" என்று அவரே கேட்டார்.

"அணைஞ்சதைச் சுத்திக்கிட்டுத்தான் இருக்குங்கய்யா. அதுவும் ஒருநாள் அணையும். அப்புறம் ரெண்டும் கருந்துளையாகி, ஜோடியா இருட்டுல சுத்தும்."

"அப்ப மாத்த வேணாம். அப்படியே இருக்கட்டும்." பிறகு, "அது அணைய இன்னும் எத்தனை நாளாகும்?" என்றார்.

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பத்து லட்சம் வருஷம் ஆகுங்கய்யா."

"பாவம்மா, அது."