அம்மன் கிணற்றுக்கு ஒரு டிரை சூட்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. காஞ்சிபுரம் கச்சபேஸ்வரர் கோயில் குளத்தில் கழுத்தளவு தண்ணியில் நிற்க வைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஐயம்பேட்டைக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில், கோயில் தர்மகர்த்தா கண்ணாயிரத்தின் கிணற்றோரம்தான் கரகம் ஜோடிப்பார்கள். அம்மன் அபிஷேகத்துக்கும் அந்தத் தண்ணிதான்.

ஞாயிற்றுக்கிழமை கரகம். வெள்ளிக்கிழமை காலையில், துலக்கும்போது பூசாரி கையிலிருந்து கரகத்து வெள்ளிச் சொம்பு நழுவிக் கிணற்றுக்குள் போய்விட்டது. சொம்பு இல்லாமல் கரகம் கிளம்பாது. கரகம் கிளம்பாமல் ஊரில் ஒரு வீட்டிலும் கூழ் கிடையாது.

கிணறு ஆழமோ ஆழம். கல்லைப் போட்டுவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வந்தால் சத்தம் கேட்கும். மூன்று மோட்டார் வைத்து இறைத்ததில் ஏரி ரொம்பியதே தவிர, கிணற்றில் ஒரு படி குறையவில்லை.

அப்போதுதான் தேவசகாயம் மகன் கிறிஸ்டோபர் லீவில் வந்திருப்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், காலனிப் பையன். பாண்டிச்சேரியில் ஸ்கூபா டைவிங் சொல்லிக் கொடுக்கிறான். முதுகில் சிலிண்டரோடு அவன் வந்து நின்றதும் ஊரே திரண்டுவிட்டது. புளியமரத்தின் மேல் மட்டும் முந்நூறு பேர்.

கண்ணாயிரம் அவன் உடுப்பைப் பற்றி விசாரித்தார். இது வெட் சூட், கொஞ்சம் தண்ணி உள்ளே வரும் என்றான். தண்ணியே உள்ளே வராத உடுப்பு கிடையாதா என்று கேட்டார். டிரை சூட் என்று ஒன்று உண்டாம். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கிப் பிடிக்குமாம். ஒன்றரை லட்சம் ஆகுமாம்.

"நான் வாங்கித் தர்றேன்பா. வேலை முடிஞ்சதும் நீயே வச்சிக்கோ," என்றார் கண்ணாயிரம்.

ஊர் வாயைப் பிளந்தது. அவர் மனைவி ஜெயம்மாள், புதுசாக யாரோ வந்து நிற்பதுபோல் புருஷனைப் பார்த்தாள். தேவசகாயம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிறிஸ்டோபர்தான் வேண்டாம் என்றான். "வேஸ்ட்டு தலைவரே. அது பனிக்கட்டி மிதக்குற கடலுக்கு. நம்ம கெணத்துல அதைப் போட்டா, மூங்கில் குடலையில வேகுற கோயில் இட்லி மாதிரி உள்ளயே வெந்துடுவேன்."

"கையி மூடாதா?" என்று கேட்டார் கண்ணாயிரம்.

"கைக்குத் தனியா கிளவுஸ் வாங்கணும்."

"தலைக்கு?"

"அதுவும் தனி."

"எல்லாத்தையும் வாங்கு. மெட்ராஸ்ல நாளைக்கே கிடைக்குமான்னு கேளு."

எதற்கு இந்த வெட்டிச் செலவு என்று அவன் விடாமல் கேட்கவும், கண்ணாயிரம் அவனை ஓரமாகக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார். ரகசியம் என்றால், புளியமரத்து உச்சிவரைக்கும் கேட்டது.

"தப்பா நெனைக்காதப்பா. அபிஷேகத் தண்ணி. காலனி ஆளு ஒடம்பு பட்டுச்சுன்னு நாளைக்கு நாலு பேரு பேசக் கூடாது பாரு."

தேவசகாயம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் வா என்று மகனைக் கூப்பிட்டார்.

கிறிஸ்டோபர் நகரவில்லை. "அப்போ போன தடவை லீவுல வந்தப்பவே வாங்கிக் குடுத்திருக்கணும் தலைவரே. பம்புசெட்டுக் குழாய் அடியில ஃபுட்வால்வு அடைச்சிக்கினு இருந்துச்சே, மூணு நாளு இதே கெணத்துல நான்தான் எறங்கினேன். வெறும் டவுசரோட. உங்க ஊட்டுப் பெரியவரு ஒருத்தர்தான், யாருக்கும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினு கூட்டியாந்தாரு. அப்பால எத்தினி அபிஷேகம் நடந்திருக்குது. அம்மன் எதுனா சொல்லிச்சா?"

சொல்லிவிட்டு வெட் சூட்டையும் கழற்றி வைத்தான். சிலிண்டரை மட்டும் மாட்டிக்கொண்டு டவுசரோடு குதித்தான்.

கால் மணி நேரத்தில் சொம்பு மேலே வந்தது. அதை வாங்க முதலில் கையை நீட்டியவர் பூசாரிதான். ஞாயிற்றுக்கிழமை கரகம் கிளம்பியது. கண்ணாயிரமே ரெண்டு சொம்பு கூழ் குடித்தார்.

ஃபுட்வால்வுக்கு ஆள் கூட்டிவந்த பெரியவர் யாரென்று அவர் இன்னும் துருவிக்கொண்டிருக்கிறார். கிறிஸ்டோபர் பேரைச் சொல்லவில்லை. நீங்களும் இந்தக் கதையை யார் சொன்னதென்று எவரிடமும் மூச்சு விடாதீர்கள். கண்ணாயிரம் என் கூடப் பிறந்த தம்பி. அன்றைக்கு அவ்வளவு கூட்டத்தில் வாயே திறக்காமல் நின்ற அந்தப் பெரியவர், நான்தான்.