சாம்பியனின் வலது கை

"இதெல்லாம் ஒரு சண்டையாப்பா? ரொம்ப நாள் கழிச்சுப் பார்த்த சொந்தக்காரனைக் கட்டிப்பிடிக்கிற மாதிரில்ல கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

டிவியைப் பார்த்து அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். பக்கத்து நாற்காலியில் இடம் போதாமல் உட்கார்ந்திருந்தவன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான். என்ன செய்வான், பாவம். திரையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது அவனேதான்.

ஹெவிவெயிட் சாம்பியன். இதுவரை யாரிடமும் தோற்றது கிடையாது. ஆனால் அவன் சண்டையை ரசித்துப் பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் அவனுக்குத் 'தூக்க மாத்திரை' என்று பேர் வைத்திருந்தார்கள். இடது கையால் தட்டுவான், விலகுவான், எதிராளி நெருங்கி வந்தால் கட்டிக்கொள்வான். கடைசி மணி அடிக்கும்போது புள்ளியெல்லாம் இவன் பக்கம் இருக்கும், கூட்டத்தில் பாதி வீட்டுக்குப் போயிருக்கும்.

ஒவ்வொரு சண்டை முடிந்ததும் பதிவை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவான். குத்துச்சண்டையில் அவனுக்குக் குரு, கடவுள் எல்லாம் அண்ணன்தான். ஊர் ஆயிரம் பேசட்டும். அண்ணன் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டால் போதும். அவனுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

அதிலும் ஒரு கொடுமை. அண்ணனுக்குக் கூடப் பிறந்த தம்பியான அவனையே அடையாளம் தெரியாது. தலையில் அடிபட்டு, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர். கடைசிப் பந்தயத்தில் பட்ட அடி என்றுதான் ஊரில் பேச்சு. குத்துச்சண்டை மறக்கவில்லை, மனைவியை மறக்கவில்லை. தம்பி என்றால் மட்டும் அவருக்கு இன்னும் ஓர் ஒல்லிப் பையன்தான். முதல் தடவை பதிவோடு வந்து டிவிக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் சொருகிக்கொண்டிருந்த மலை போன்ற ஆளை, டிவி ரிப்பேர்காரன் என்று நினைத்துவிட்டார். அண்ணி எடுத்துச் சொல்லப் போக, மிரண்டுபோய் அழ ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவன் டிவி ரிப்பேர்காரன்தான்.

"ஜெயிச்சுக்கிட்டேதானே இருக்கான், ண்ணே," என்றான் மெதுவாக. "அடி வாங்காம ஜெயிக்கிறதும் ஒரு திறமைதானே?"

"திறமை இல்லேன்னு யாருப்பா சொன்னா? கணக்கு வாத்தியார்கூடத்தான் திறமைசாலி. அதுக்காக அவர் கணக்குப் போடுறதை டிக்கெட் எடுத்தா பார்க்கப் போறோம்?"

காபி கொண்டுவந்த அண்ணி சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

திரையில் எதிராளி தடுமாறினான். அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"இப்ப விடு. வலதை விடு. ஆள் திறந்து கிடக்கான் பாரு."

சாம்பியன் வலதை விடவில்லை. தடுமாறியவனை விழவிடாமல் இழுத்துக் கட்டிக்கொண்டான். கூட்டம் ஓவென்று கத்தியது.

"பயந்தாங்கொள்ளி, ண்ணே," என்றான் அவன். தன்னைத்தானே திட்டிக்கொள்வதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

"சேச்சே, அப்படிச் சொல்லாத." அண்ணன் தலையை ஆட்டினார். "அடி வாங்கப் பயப்படுறவன் இவ்வளவு கிட்ட நிக்க மாட்டான். இவனுக்கு அடிக்கிறதுக்குத்தான் பயம். வலது கையை வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்கான்."

எத்தனையோ நிபுணர்கள் எழுதிக் கிழித்தார்கள், ஒருத்தருக்கும் இது தெரியவில்லை.

"அடுத்த சண்டையில ஆளைச் சாய்ச்சே ஆகணும்னு மேனேஜர் பிடிவாதமா நிக்கிறாராம்," என்றான். "நீங்க என்ன சொல்றீங்க? அடிக்கலாமா?"

"அடிக்காம? ஜனங்க வேற எதுக்கு வர்றாங்க?"

"எதிர்ல நிக்கிறவனுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"போதும், தம்பி," என்றாள் அண்ணி. "காபி ஆறிடப் போகுது, குடிங்க."

அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். யோசித்தார். பிறகு, இத்தனை நாளில் அவரிடம் அவன் பார்த்திராத ஒரு மலர்ச்சி அந்த முகத்தில் வந்தது.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான், தெரியுமா? பார்க்க ஒல்லியா இருப்பான். ஆனா அந்த வலது கை இருக்கே..."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். தம்பி என்ற பேச்சை அண்ணன் தானாக எடுத்தது இதுதான் முதல் தடவை. அண்ணி சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"ஒருநாள் பயிற்சியில நானும் அவனும் மோதுறோம். என்னைத் தயங்கித் தயங்கித் தட்டிக்கிட்டிருந்தான். எனக்குக் கோபம் வந்துருச்சு. தம்பிதானேன்னு தலையில மாட்டியிருந்த கவசத்தைக் கழட்டிப் போட்டேன். 'அண்ணன்னு பார்க்காத, முழு பலத்தையும் போட்டு அடிடா'ன்னு கத்தினேன். அடிச்சான் பாரு."

அண்ணன் தன் நெற்றிப்பொட்டைப் பெருமையாகத் தடவிக்கொண்டார்.

"கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரியில கிடக்கேன். என்ன ஒரு குத்துப்பா அது. நான் பார்த்ததுலயே அதுதான் அழகான குத்து. 'நல்லா அடிச்சடா'ன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு காத்துக்கிட்டே இருக்கேன், அதுக்கப்புறம் பய இந்தப் பக்கமே வரல."