மாமியாரின் பங்கு

மாமியார் எனக்கு முதுகைக் காட்டியபடி ஆற்றங்கரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவின் வடகோடிப் பூர்வகுடிகளான எங்கள் ஜனத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து நான் அறிந்தது அந்த முதுகைத்தான்.

ஆனால் இங்கே எதற்கு வந்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

இது ஈரலில் கிருமி குடியேறியவர்களுக்கான கூட்டம். நடத்துகிறவள் ரோஸ்லின், என் அத்தை மகள், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். டார்வின் நகரத்திலிருந்து வரும் வெள்ளைக்கார டாக்டர் முன்னால் எங்கள் ஆட்கள் வாயே திறப்பதில்லை. அதனால் இங்கே நெருப்பு மூட்டி, டீ கொதிக்கவைத்து, பேசவிடுகிறாள். வந்தவர்களில் யாருக்கு நோய், யார் துணைக்கு வந்தவர் என்று யாரும் கேட்பதில்லை.

நான் தள்ளியே உட்கார்ந்தேன். என் தகர டம்ளரை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தேன்.

"அட மச்சான், டம்ளரோட வந்துட்டியா? பாய் தலகாணியெல்லாம் எங்க?" என்றாள் ரோஸ்லின். எல்லோரும் சிரித்தார்கள். "டீயிலயும் சோத்துலயும் இது ஒட்டாதுன்னு சொல்லிச் சொல்லியே என் தொண்டத் தண்ணி வத்திப்போச்சு."

சொல்வாள், அவளுக்கென்ன. மழை விடும் சமயத்தில் எனக்கும் அந்தக் கிருமி இருக்கிறது, அது ரத்தத்தில் ஒட்டும் என்று சொன்னதும் அவள்தானே. நான் பிடிக்கும் கொடுவா மீனின் செவுள் கத்தி மாதிரி இருக்கும். கழுவும்போது என் விரல் கிழியாத நாளே கிடையாது.

அதனால்தான் மாமியாருக்கு மீன் வைப்பதை நிறுத்தினேன்.

எது பிடித்தாலும் பெரியது மாமியாருக்கு. அது மருமகனின் கடமை. மனைவி மண்ணுக்குள் போன பிறகும் நான் விட்டதில்லை. மரப்பட்டையில் சுற்றி, அவர் வாசலுக்குச் சற்று முன்னால் வைத்து, இருமிவிட்டுத் திரும்பிவிடுவேன். அவருக்கும் எனக்கும் இருந்த பேச்சுவார்த்தை அந்த இருமல்தான்.

மழை விட்டதிலிருந்து அதுவும் இல்லை. வீட்டில் சுவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். என்ன பொழைப்பு இது! டார்வினுக்குப் போய் யார் கண்ணிலும் படாமல் கிடந்துவிடலாம் என்று வண்டிக்காரனிடம் சொல்லிவைத்துவிட்டேன். கூட்டத்துக்கு வந்ததே ரோஸ்லினிடம் சொல்லிக்கொள்ளத்தான்.

"நாளைக்குக் கெளம்பறேன். இனி வரமாட்டேன்" என்றேன்.

ரோஸ்லின் விறகைத் தள்ளிவிட்டாள்.

மாமியார் பக்கத்தில் படுத்திருந்த நாயின் காதைச் சொறிந்தார். மருமகன் காதில் விழவேண்டியதை நாயிடம் சொல்வது எங்கள் வழக்கம்; அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"கேட்டியாடா டிங்கர்? என் மக போனப்பகூட ஒரு மனுஷன் நமக்கு மீனு வைக்கறத நிறுத்தல. இப்ப நிறுத்திட்டான். ஊர விட்டே போறானாம்."

விரல்களை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"ரோஸ்லின்," என்றேன், அந்த முதுகுக்குக் கேட்கும்படி. "என் கையில எப்பவும் ரத்தக் காயம். அவங்களுக்கு ஒட்டிடக் கூடாதேன்னுதான் நிறுத்தினேன்."

ரோஸ்லின் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

மாமியார் நாயின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"டிங்கர், நான் தெனம் முழுங்கற மாத்திர என்னன்னு உனக்குத் தெரியும்ல? அந்த மனுஷன் நம்ம வூட்டுல பொண்ணெடுக்கறதுக்கு முந்தியே எனக்கு இது இருக்கு. அதச் சொல்ல எனக்கு வாய் இல்ல. அவன் நல்லாத் தின்னறானான்னு கேக்கவும் வாய் இல்ல. வெளிய ஒரு இருமல் கேக்கும். சரி, ஆளு இருக்கான்னு நெனச்சுப்பேன்."

இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்தேன். ரோஸ்லினின் தூண்டிலைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினேன்.

வெயில் சாயும் நேரத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. மாமியார் மட்டும் நாயோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பட்டையில் சுற்றிய மீனை அவர் முதுகுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி வைத்தேன்.

இருமினேன்.