துவைக்காத நைட்டி

மிளகு என்ற அந்தக் கறுப்புப் பூனைக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது, தினமும் மாத்திரை கொடுக்க வேண்டும், விட்டால் தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்றே எமல்டா வேலையைப் பிரித்துவிட்டாள். “மாத்திரை நீங்க குடுங்க, சோறு நான் வைக்கிறேன். ரெண்டு பேரையும் பாத்துப் பயந்தா அது யாருகிட்டதான் போகும்?” அதிலிருந்து அவள் கணவர் பிரகாசத்தின் செருப்புச் சத்தம் கேட்டாலே பூனை கட்டிலுக்கடியில் ஓடியது. அவர் துண்டைப் போட்டுப் பிடித்து, வாயைத் திறந்து, மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளுவார். விட்டதும் அது எமல்டாவின் நைட்டியில் போய் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

எமல்டா செத்துப்போனாள். கொழுந்தியாள் வந்து துணிகளை மூட்டை கட்டினாள். “எல்லாத்தையும் குடுத்துரலாமா அத்தான்?” துவைக்காத நைட்டி ஒன்றை மட்டும் அவர் எடுத்து வைத்துக்கொண்டார்.

அவர் வைத்த மீனைப் பூனை தொடவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரவுமில்லை. இன்று காலை பிரகாசம் கதவைச் சாத்திவிட்டு அந்த நைட்டியைத் தலைவழியே மாட்டிக்கொண்டார். தோளில் தையல் விட்டது. மீன் தட்டோடு தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துப் பூனை வந்து முகர்ந்தது, தின்றது. பிறகு மடியில் ஏறி நைட்டிக்குள் முகத்தைப் புதைத்தது. மாத்திரை அவர் கைக்குள் இருந்தது. வியர்வையில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அவர் விரல்களைத் திறக்கவில்லை.