சுவரில் வளர்ந்த கை

கூடலூர் வேதக்கோவிலுக்கு வருசாவருசம் கிறிஸ்துமசுக்கு முந்தி வெள்ளையடிப்பது சீனிச்சாமிக் கிழவன்தான். அவன் மகள் பூமாரி அந்தக் கோவில் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். ஒரு வருசம் ஈரச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து அப்பனிடம் ஏச்சு வாங்கினாள். அந்த மாசமே வாந்திபேதியில் போய்விட்டாள்.

அடுத்த வருசம் கிழவன் அந்தக் கையின் மேல் சுண்ணாம்பை அப்பினான். காய்ந்ததும் கை திரும்பத் தெரிந்தது, கொஞ்சம் மேலே, கொஞ்சம் பெரிசாக. பள்ளிக்கூடத்துப் பயல்கள் வேலை என்று ஏசினான்; மறுவருசம் வெள்ளையடித்ததும் கோவிலைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். அப்போதும் வளர்ந்துதான் வந்தது. அப்புறம் அவன் யாரையும் ஏசவில்லை. இப்போது கை அவன் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது, கட்டிக்கொடுக்கிற வயசுப் பெண்ணின் கையாக.

இந்த வருசம் கோவில் உபதேசியார் வந்தார்.

"ஏப்பா சீனிச்சாமி, மதுரையிலேருந்து துரைமார் வாராக. அந்தச் சுவரைக் கொத்திட்டுப் புதுசாப் பூசிரு."

"கொத்துனா அவ எங்கன போவா?"

"உனக்குத்தான் எந்தச் சாமி மேலயும் நம்பிக்கை கிடையாதே!"

"கிடையாதுதான். அதுக்காக எம்மகளைக் கொத்தச் சொல்றீகளா?"

"உன்னால முடியாட்டிச் சொல்லு. நாளைக்குக் கம்பத்துலேருந்து ஆள் வரும்."

வேற்றாள் கை படுவதைவிடத் தானே கொத்திவிடலாம் என்று கிழவன் சுத்தியலோடு கோவிலைத் திறந்தான்.

பூமாரியின் கைக்குக் கீழே, அவன் முழங்கால் உயரத்தில், ஒரு குழந்தையின் கை புதுசாகப் பதிந்திருந்தது.

இந்த வருசத்துச் சுண்ணாம்பை அவன் இன்னும் கரைக்கவே இல்லை. குனிந்து தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது.